முதல் ஸ்ரேஜில அழுத்தம் ஏறுது, கொம்பனி பதில் தரேல்லை: வன்னிக் கரையில றெகுலேற்றரை என்ன செய்யலாம்?

#1 – கள்ளப்பாட்டுக் கரை

முல்லைத்தீவுப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கிற படகுகளில பாவிக்கிற நாலு றெகுலேற்றர் செற் (சிலிண்டர் காற்றைச் சுழியோடி மூச்சுக்குத் தாற சாமான்) பற்றின கேள்வி இது. நாலும் ஒரே மொடல்: அன்பலன்ஸ்ட் பிஸ்ரன் முதல் ஸ்ரேஜ் (சிலிண்டரில பூட்டி அழுத்தத்தை இறக்கிற துண்டு; அன்பலன்ஸ்ட் எண்டால் சிலிண்டர் அழுத்தம் குறைய அது விடுற அழுத்தமும் குறையும்), யோக் பூட்டு (சிலிண்டர் வால்வைச் சுத்திப் பிடிக்கிற கவ்வி), ஒரு ரெண்டாம் ஸ்ரேஜ் (வாயில கவ்வுற துண்டு), ஒரு கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டுறது). சிலிண்டர் 11 லீற்றர் அலுமினியம், 200 பார்.

ஒண்டு: சிலிண்டரைத் திறந்தால் ஒரு நிமிசம் அமைதி. பிறகு ரெண்டாம் ஸ்ரேஜ் மெல்லச் சீறத் தொடங்கும். ஒரு மூச்சு இழுத்தால் நிக்கும், திரும்பச் சீறும்.

ரெண்டு: திறந்த கணத்திலயிருந்தே ஒரே அளவாய்ச் சீறுது. மாரிக்கு மூண்டு மாதம் கட்டித் தொங்கவிட்ட செற்.

மூண்டு: இழுக்கக் கஷ்டம். மூச்சு இழுக்கேக்க கேஜ் முள் கீழ விழுந்து எழும்புது.

நாலு: மூச்சோட உப்புத்தண்ணி வருது.

கொழும்பு முகவர் "இந்த மொடல் நிப்பாட்டியாச்சு, கிற் வராது" எண்டு சொல்லிப்போட்டினம் (கிற் எண்டது சேர்விசில மாத்துற சில்லறைத் துண்டுகளின்ர தொகுதி). தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டால் "அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட முகவரை நாடவும்" எண்டு பதில். அந்த முகவர் இவைதான். இஞ்ச வைச்சு எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

#2 – ஓறிங் 014

நாலும் நாலு வேற குறை. "றெகுலேற்றர் சரியில்லை" எண்டு ஒரே பைக்குள்ள போட்டு அனுப்பினால் நாலுக்கும் சேர்விஸ் காசு போகும், குறை அப்படியே திரும்பி வரும்.

முதலாவது செற்றில இடை அழுத்தம், அதாவது ரெண்டு ஸ்ரேஜுக்கும் இடையில நிக்கிற அழுத்தம், ஏறுது. முதல் ஸ்ரேஜின்ர வேலை 200 பாரைச் சுற்றுத் தண்ணி அழுத்தத்தை விட 9 முதல் 10 பார் வரை கூடின அளவுக்கு இறக்கி அங்க நிப்பாட்டிறது. பிஸ்ரன் நுனியில இருக்கிற பிளாஸ்ரிக் சீற் (அடைக்கிற வில்லை), பித்தளைக் கூம்பு வாயில சரியாய்க் குந்தேல்லை எண்டால் காற்று கசிஞ்சு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு அளவைத் தாண்ட ரெண்டாம் ஸ்ரேஜ் வால்வ் திறந்து ஊத்தும். மூச்சு இழுத்தால் அழுத்தம் இறங்கும், அதனாலதான் கொஞ்ச நேரம் நிக்குது. சீறுறது ரெண்டாம் ஸ்ரேஜ், பழுது முதல் ஸ்ரேஜில. இதில பிழைச்சு ரெண்டாம் ஸ்ரேஜ் ஸ்பிறிங்கை இறுக்கிற ஆக்கள் கன பேர். இறுக்கினால் சத்தம் நிக்கும், மூச்சு இழுக்கிறது பாரமாகும், உள்ளுக்க கசிவு அப்படியே இருக்கும்.

ரெண்டாவது செற்: காற்று இல்லாத நேரம் ரெண்டாம் ஸ்ரேஜ் ஸ்பிறிங் தன்ர முழுப் பலத்தோட றப்பர் சீற்றை ஓட்டை விளிம்பில அழுத்திக்கொண்டு இருக்கும். மூண்டு மாதம் அப்படி இருந்தால் றப்பரில வட்டமாய்ப் பள்ளம் விழும். சீற் மாத்த வேணும். அடுத்த மாரிக்கு: மூச்சுப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் உள்ள மொடல் எண்டால் குமிழை முழுக்கத் தளர்த்திப்போட்டு வையுங்கோ.

மூண்டாவது: முதல்ல சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்ததோ எண்டு பாருங்கோ. கால் சுற்று மட்டும் திறந்தாலும் முள் இப்படித்தான் ஆடும். வேற சிலிண்டரிலும் ஆடினால் பில்ரர் அடைபட்டிருக்கு. யோக்குக்குள்ள தெரியுற கூம்பு பில்ரரின்ர நிறத்தை எழுதுங்கோ.

நாலாவது: தூசி மூடியை யோக்கில இறுக்கிப் போட்டு, காற்று இல்லாமல் மவுத்பீசில உறிஞ்சுங்கோ. அடைச்சுப் பிடிக்க வேணும். காற்று வந்தால் மூண்டு இடம்: வெளிமூச்சு வால்வில மணல் அல்லது மடிப்பு, மவுத்பீசில கட்டுக்குக் கீழ வெடிப்பு, டயபிரம் (றப்பர் சவ்வு) விளிம்பு பள்ளத்தில குந்தாமல் இருக்கிறது. மவுத்பீஸ் வெடிப்பை விரலால விரிச்சுப் பார்த்தால்தான் தெரியும்.

#3 – கள்ளப்பாட்டுக் கரை

நன்றி அண்ணை. மூண்டாவது செற்றை மூண்டு சிலிண்டரில பார்த்தாச்சு, எல்லாத்திலயும் முள் ஆடுது. பில்ரர் கரும்பச்சை, நடுவில கறுப்பாய்ப் பிசுபிசுப்பு. இடை அழுத்தம் அளக்கிற கேஜ் இஞ்ச கிடையாது. வவுனியாவில என்ன கேட்டு வாங்கிறது?

#4 – சிலாவத்துறை

0–16 பார் அல்லது 0–20 பார் காற்று கேஜ், ஹைட்ரோலிக் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். பழைய பிசிடி (சுழியோடியின்ர மிதப்புச் சட்டை) இன்பிளேற்றரில ஹோஸ் கொழுவுற நிப்பிளைக் கழட்டி, பித்தளை அடப்டரால கேஜோட சேருங்கோ. புரிகளுக்கு டேப் சுத்தலாம், ஆனால் நூல் நூலாய் உள்ள போக விடக்கூடாது. முதல் ஸ்ரேஜின்ர குறைந்த அழுத்த வாயில ஒரு இன்பிளேற்றர் ஹோஸ் பூட்டினால் கேஜைக் கொழுவலாம்.

கவனம்: கேஜைக் கொழுவேக்க ரெண்டாம் ஸ்ரேஜ் கட்டாயம் பூட்டியிருக்க வேணும். சீற் முழுக்க விட்டுட்டால் மிகை அழுத்தம் போறதுக்கு வழி அந்த வால்வ் ஒண்டுதான். அது இல்லாமல் கேஜை மட்டும் பூட்டித் திறந்தால் கேஜ் முகத்தில வெடிக்கும்.

அளக்கிற முறை: சிலிண்டரை மெல்லத் திறந்து, பேர்ஜ் பட்டனை (ரெண்டாம் ஸ்ரேஜ் முகத்தில காற்றை ஊதவிடுற பட்டன்) நாலைஞ்சு தரம் அமத்தி விடுங்கோ. பிறகு விட்டுட்டு முள்ளைப் பாருங்கோ. ஒரு செக்கனுக்குள்ள ஓரிடத்தில குத்தி நிக்க வேணும். 0.2, 0.3 பார் ஏறி நிண்டால் பரவாயில்லை. ஐஞ்சு நிமிசத்துக்கும் மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீற் அல்லது கூம்பு. 200 பாரிலயும் 50 பாரிலயும் ரெண்டு தரம் அளந்து எழுதுங்கோ. அன்பலன்ஸ்ட் எண்டபடியால் 50 பாரில ஒரு பாருக்கு மேல குறைவாய்த்தான் காட்டும், அது பழுதில்லை.

#5 – காற்றடிப்பு

பச்சை எண்டால் கடல்தண்ணி உள்ள போய்ப் பித்தளை களிம்பேறியிருக்கு. கறுப்புப் பிசுபிசுப்பு எண்டால் கொம்பிரசர் எண்ணெய் அல்லது பில்ரர் கரித்தூள். அதாவது உங்கட செற்றில மட்டும் பிழை இல்லை, நிரப்புற இடத்திலயும் இருக்கு. இரும்புச் சிலிண்டர் கலந்து பாவிக்கிறவைக்குச் செம்பழுப்பு வரும், அது உள்துரு. அலுமினியத்தில வெள்ளைத் தூள் வரும்.

எங்கட வெக்கைக்கு கொம்பிரசர் கையேட்டில போட்டிருக்கிற பில்ரர் மணித்தியாலக் கணக்கு பொருந்தாது. அது பெரும்பாலும் 20 பாகைக்கு எழுதினது. 20 பாகையில ஈரம் நிறைஞ்ச காற்றில கன மீற்றருக்கு 17 கிராம் தண்ணி இருக்கும், 30 பாகையில 30 கிராம். அப்ப கையேட்டில 50 மணித்தியாலம் எண்டால் முல்லைத்தீவில 28, 29 மணித்தியாலத்தில மாத்த வேணும். மாத்தாட்டி ஈர உறிஞ்சி நிறைஞ்சு, பின்னால இருக்கிற கரியும் வேலை செய்யாமல் எண்ணெய் ஆவி நேரா சிலிண்டருக்குள்ள போகும். 10, 15 நிமிசத்துக்கு ஒருக்கா வடிகாலைத் திறந்து தண்ணியை விட வேணும். வடியிற தண்ணி பால் மாதிரி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கு.

பெற்றோல் எஞ்சின் கொம்பிரசருக்கு இன்னொண்டு முக்கியம். காற்று இழுக்கிற குழாய் புகைக்குழாயை விடக் காற்று வாற பக்கத்தில, நல்ல உயரத்தில இருக்க வேணும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரத்தில எண்ணெய் கன மீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, காபன் மொனொக்சைட் பத்து லட்சத்தில 5 பங்குக்கு மேல போகக்கூடாது. பிந்தினதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மேல வந்த பிறகு தலையிடி எண்டால் வெயிலைக் குறை சொல்லாமல் முதல்ல குழாயைப் போய்ப் பாருங்கோ.

சிலிண்டரை முழுக்க முடிச்சுப்போட்டு வால்வைத் திறந்தபடி படகில போடுறதை நிப்பாட்டுங்கோ. கடல்தண்ணி உள்ள போறது அப்படித்தான். 30 பார் மிச்சம் வையுங்கோ.

#6 – நாயாற்றுக் கழிமுகம்

கழுவுறதைப் பற்றி. கரையோரக் கிணத்துத் தண்ணி பாதி உவர். உள்ளுக்கு வந்தால் சுண்ணாம்பு கூடின தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படியிற அதே சாமான் றெகுலேற்றருக்குள்ளயும் படியும். மழைத்தண்ணி அல்லது ஆர்ஓ தண்ணி ஒரு வாளி போதும், நாலு செற்றுக்கும். இறங்கின அண்டைக்கே, உப்புக் காய முதல் கழுவ வேணும்.

நல்ல முறை: செற்றைச் சிலிண்டரில பூட்டி, திறந்து, அழுத்தத்தோடயே ரெண்டாம் ஸ்ரேஜைத் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் விடுறது. முதல் ஸ்ரேஜில பிஸ்ரன் பக்க ஓட்டைகளுக்குள்ளால தண்ணியை ஊத்துங்கோ, அந்த அறைக்குள்ளதான் உப்பும் சேறும் இருக்கும். சிலிண்டர் இல்லாமல் கழுவினால் தூசி மூடி காய்ஞ்சிருக்க வேணும், பேர்ஜ் பட்டனைத் தொடவே கூடாது. அமத்தினால் வால்வ் திறந்து தண்ணி ஹோசுக்கால முதல் ஸ்ரேஜுக்குப் போகும். பச்சை பில்ரருக்கு இது பெரிய காரணம்.

வெள்ளைப் படிவுக்கு: கழட்டின பித்தளைத் துண்டுகளை மட்டும், 5 வீத வினாகிரியும் சுடுதண்ணியும் சரிபாதியாய்க் கலந்து 10 நிமிசம். பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியில முக்கி, நல்ல தண்ணியில அலசி, காற்றடிச்சுக் காயவிடுங்கோ. சாயமேத்தின அலுமினியத் துண்டு, றப்பர், சீற் ஒண்டையும் அதுக்குள்ள போடாதேங்கோ. குறோம் உரிஞ்ச இடத்தில கன நேரம் விட்டால் இன்னும் உரியும்.

தேங்காய் எண்ணெய், வசலின், கிறீஸ் பேணி எதுவும் ஓ-றிங்குக்கு (அடைக்கிற றப்பர் வளையம்) ஆகாது. பெற்றோலியச் சாமான் சில வகை றப்பரை ஊதப் பண்ணும், தேங்காய் எண்ணெய் பிசினாகி மணலைப் பிடிக்கும். சிலிக்கன் கிறீஸ் மட்டும், அதுவும் ஓ-றிங் மினுங்கிற அளவுக்கு. கூடப் போட்டால் அதுவும் மணல் பிடிக்கும். ஒட்சிசன் கூடின காற்றுக்கு சிலிக்கனும் கூடாது, அது வேற கதை.

மாரிக்கு வைக்கேக்க மவுத்பீசைத் துணியால கட்டுங்கோ. கரப்பானும் எறும்பும் உள்ள போய் டயபிரத்துக்கும் வெளிமூச்சு வால்வுக்கும் இடையில இருக்கும்.

#7 – கள்ளப்பாட்டுக் கரை

கடைசல் பட்டறையில ரெஃப்ளோனில சீற் கடைஞ்சு தரலாம் எண்டு சொல்லுகினம். கிற் வராட்டி அது ஒரு வழியோ?

#8 – ஓறிங் 014

இல்லை. ரெஃப்ளோன் வழுக்கும், ஆனால் தொடர்ந்து அழுத்தினால் மாவு மாதிரி மெல்ல ஓடும். கூம்பு விளிம்பு அதுக்குள்ள இறங்கி, முதல் நாள் நல்லாய் நிண்டு, கிழமைக்குள்ள கசியத் தொடங்கும். கடினமான நைலோனும் சரிவராது. சீற் கொம்பனியின்ர சீற்றாய்த்தான் இருக்க வேணும், இதில விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஓ-றிங் அப்படியில்லை. கூடின பங்கு பொது அளவு, கடையில இலக்கம் சொல்லிக் கேக்கலாம். யோக் சிலிண்டர் வால்வின் முகத்துக்கு 014, டின் பூட்டுக்கு (யோக் இல்லாமல் வால்வுக்குள்ள திருகுற வகை) 112, சிலிண்டர் கழுத்துக்கு 214. குறைந்த அழுத்த ஹோஸ் வாய் 011, உயர் அழுத்த வாய் 012. கேஜ் சுழலுற இடத்தில குமிழி வந்தால் உள்ள இருக்கிற சின்ன ஊசியில ரெண்டு 003. உயர் அழுத்தப் பக்கத்துக்கு றப்பரின்ர கடின இலக்கம் 90 கேளுங்கோ, 70 போட்டால் இடுக்கால பிதுங்கி வரும். பிஸ்ரனில ஓடுற ஓ-றிங்கை மட்டும் அளவு தெரியாமல் மாத்த வேண்டாம்.

குறைந்த அழுத்த ஹோசுக்கு ஸ்பனர் 9/16 அங்குலம், உயர் அழுத்தத்துக்கு 5/8. கையால இறுக்கி, ஸ்பனரால ஒரு தட்டு, அவ்வளவுதான். ஓ-றிங்தான் அடைக்கிறது, இறுக்கமில்லை. கழட்ட முதல் சிலிண்டரை மூடி, பேர்ஜ் அமத்தி, கேஜ் பூச்சியம் காட்ட வேணும். ஓ-றிங்கை எடுக்க ஊசி, சட்டை ஊக்கு வேண்டாம், பித்தளையில ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-றிங்கும் கசியும். மரக்குச்சி நல்லம்.

ரெண்டாம் ஸ்ரேஜ் சீற் மாத்தின பிறகு ஓட்டைத் துண்டைத் திருப்பிச் சரிசெய்யேக்க, பேர்ஜ் பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு கால் கால் சுற்றாய்த் திருப்புங்கோ. அமத்தாமல் திருப்பினால் கூர் விளிம்பு புது சீற்றை அறுக்கும்.

முதலாவது செற்றைத் திறந்து, நகைக்கடைக்காரர் பாவிக்கிற பத்து மடங்கு கண்ணாடியால கூம்பு விளிம்பைச் சுத்திப் பாருங்கோ. விளிம்பு ஒரே மினுக்கமாய் இருந்தால் சீற் மாத்தினால் போதும். கீறல் அல்லது குழி இருந்தால், சில மொடலில கூம்பைத் தனியாய் மாத்தலாம், சிலதில அது உடலோட சேர்ந்தது.

#9 – சிலாவத்துறை

கொம்பனிக்கு எழுதி வந்த பதிலைப் பற்றி முதல்ல சொல்லியிருந்தீங்கள். "காற்று கசியுது, உதவி செய்யவும்" எண்டு எழுதினால் வாற பதில் உங்களுக்கு வந்ததுதான். ஒரே மின்னஞ்சலில இவ்வளவும் போக வேணும்: ரெண்டு ஸ்ரேஜின்ர தொடரிலக்கம், 200 பாரிலயும் 50 பாரிலயும் இடை அழுத்தம், முள் ஏறுறதின்ர ஒரு நிமிச வீடியோ, பில்ரர், சீற், கூம்பு மூண்டின்ர கிட்டப் படம். பிறகு கேள்வியை ஒடுக்குங்கோ: "இந்த மொடலின் உயர் அழுத்தச் சீற் எந்தப் பாக இலக்கம்? அதே சீற் இப்ப விக்கிற எந்த மொடலில வருது? இலங்கைக்கு அனுப்பக்கூடிய முகவர் ஆர்?" மொடல் நிண்டாலும் சீற் நிக்கிறது குறைவு, கொம்பனிகள் ஒரே சீற்றைப் பத்து மொடலுக்குப் போடும். உங்கட முகவர் மொடல் பேரைத் தேடிப்போட்டு இல்லை எண்டிருப்பார்.

ரெண்டு விசயம் தெரிஞ்சிருக்க வேணும். "வாழ்நாள் உத்தரவாதம்" எண்டதுக்குப் பெரும்பாலும் வருசா வருசம் அங்கீகரிச்ச இடத்தில சேர்விஸ் செய்த சீட்டுக் கேப்பினம். அதோட தொழில் பாவனை பல கொம்பனியின்ர உத்தரவாதத்தில இல்லை. அட்டைத் தொழில் அதுக்குள்ள வரும். வாங்க முதல் சின்ன எழுத்தை வாசியுங்கோ.

கைமாறின கொம்பனிகளில பாக இலக்கமும் மாறும். 2017இல ஓஷியானிக்கும் ஹொலிசும் ஹியூஷிட்டப் போச்சுது. 2025இல அக்வாலங், அதோட அபெக்சும், மாரெஸ் வைச்சிருக்கிற ஹெட்டிட்டப் போச்சுது. பழைய இலக்கத்தோட புது இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கோ.

#10 – நாயாற்றுக் கழிமுகம்

புதுசாய் வாங்கிறவைக்கு: குளிர்கடலுக்கு எண்டு விக்கிறதுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம், எங்கட தண்ணியில உறையிற பிரச்சினை இல்லை. ஆனால் மூடின டயபிரம் முதல் ஸ்ரேஜ் சேத்துத் தண்ணிக்கு நல்லம், ஸ்பிறிங் அறைக்குள்ள உப்பும் சேறும் போகாது.

#11 – ஓறிங் 014

அதில எனக்கு மாற்றுக் கருத்து. மூடின டயபிரத்துக்குள்ள துண்டு கூட, கிற் விலையும் கூட, பிழைச்சால் இஞ்ச ஆராலும் திறக்கேலாது. ஸ்குபாப்ரோ எம்கே2 மாதிரி ஒரே ஒரு பிஸ்ரன் ஓடுற சாமானை ஒழுங்காய்க் கழுவினால் எங்கட ஆழத்துக்குப் போதும். 10, 11 பாகத்துக்கு, அதாவது 20 மீற்றருக்கு, அதில மூச்சுக் குறை தெரியாது. எந்தப் பேர் எண்டாலும் வாங்க முதல் கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு: சீற் கிற் இண்டைக்குக் கையில இருக்கோ? இருந்தால் ரெண்டு ஸ்ரேஜுக்குமான கிற்றையும் சேர்த்து வாங்குங்கோ.

அன்பலன்ஸ்டிலயிருந்து பலன்ஸ்டுக்கு மாறுறவைக்கு ஒரு அபாயம். கன பேர் கேஜ் இல்லாமல், மூச்சுப் பாரமாகிறதைப் பார்த்துத்தான் மேல வருகினம். அன்பலன்ஸ்ட் 50 பாருக்குக் கீழ பாரமாகும், அது அறிவிப்பு. பலன்ஸ்ட் கிட்டத்தட்டக் கடைசி மூச்சு வரைக்கும் லேசாய் இருந்து சடுதியாய் நிக்கும். கேஜ் இல்லாமல் அதைக் கட்டி இறங்கிறது உயிரோட விளையாட்டு. ஒவ்வொரு செற்றுக்கும் கேஜும் இன்னொரு ரெண்டாம் ஸ்ரேஜும் கட்டாயம் இருக்க வேணும்.

#12 – காற்றடிப்பு

கடலுக்குக் கீழ வைச்சு ரெண்டாம் ஸ்ரேஜ் காற்றை நிக்காமல் ஊத்தத் தொடங்கினால்: இந்த வால்வுகள் பிழைச்சால் திறக்கிற மாதிரித்தான் செய்திருக்கு, அதனால காற்று நிக்காது. மவுத்பீசை இறுக்கிக் கவ்வாமல், ஓரத்தால மிச்சக் காற்றுப் போக விட்டு உறிஞ்சுங்கோ. உடனே மேல திரும்புங்கோ, ஆனால் மூச்சை அடக்காமல், குமிழியை முந்தாமல். 11 லீற்றர் சிலிண்டர் சில நிமிசத்திலேயே முடியும். அரண்டு ஒரேயடியாய் மேல பாய்ஞ்சால் வாதம் (உடம்புக்குள்ள காற்றுக் குமிழி கட்டி வாற சுழியோடி நோய்) வரலாம்.

#13 – கள்ளப்பாட்டுக் கரை

முடிவுகள். நாலாவது: வெளிமூச்சு வால்வுக்குக் கீழ மணல், விளிம்பு மடிஞ்சிருந்தது. மாத்தினபிறகு உறிஞ்சினால் பிடிக்குது. மூண்டாவது: பில்ரர் மாத்தினோம், முள் ஆடேல்லை, நிரப்புற இடத்தில பில்ரரை 28 மணித்தியாலத்துக்கு மாத்த ஒத்துக்கொண்டினம். ரெண்டாவது: சீற் இலக்கம் கேட்டு எழுதினபிறகு ஐஞ்சு நாளில பதில் வந்தது, அதே சீற் இப்பத்தைய மொடலில இருக்கு. அதே முகவரிட்ட இருந்தே வாங்கினோம். இடை அழுத்தம் 200 பாரில 9.6, 50 பாரில 8.4, ஐஞ்சு நிமிசமும் அசையேல்லை.

முதலாவது 9.6இல தொடங்கி மூண்டு நிமிசத்தில 11.5. கண்ணாடியால பார்த்தால் கூம்பு விளிம்பில குறுக்க ஒரு கீறல், நகத்தில தட்டுப்படுற ஆழம். கூம்பு உடலோட சேர்ந்த மொடல். ஆரும் அதை அரைச்சுப் பாவிச்சிருக்கினமோ?

#14 – ஓறிங் 014

நகத்தில தட்டுப்பட்டால் அரைக்க வேண்டாம். அரைச்சால் விளிம்பு அகலும், சீற் குந்துற உயரம் மாறும், இடை அழுத்தம் எங்க நிக்கும் எண்டு சொல்லேலாது. யோக் திருகு, தூசி மூடி, ஹோஸ், கேஜ், வாய்களின்ர அடைப்புகள், நல்ல ரெண்டாம் ஸ்ரேஜ் எல்லாம் கழட்டி வையுங்கோ. அந்த ரெண்டாம் ஸ்ரேஜை மூண்டாவது செற்றுக்கு உபரியாய்ப் பூட்டலாம். ஹோசின்ர றப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கோ, வெடிப்பு அதுக்குக் கீழதான் ஒளிச்சிருக்கும்.

உடலை உலோகக் கடையில போட முதல் கூம்பை உளியால ஒரு அடி அடிச்சுப்போட்டுக் குடுங்கோ. முழுசாய்ப் போனால் ஆரோ மினுக்கி, இன்னொரு படகுக்கு வித்துப்போடுவினம்.